இரண்டாவது சனிக்கிழமை ஏத்தம்

எங்கள் ஆற்றில் தண்ணீர் ஒரே பக்கமாகத்தான் போகும். இதை என்னோடு ஆபீஸில் இருந்த சினேகிதர் ஒரு குறையாகச் சொல்வார்.

காலை எட்டு மணிக்கு அளவுகோல் பார்ப்பதற்காகப் படியிறங்கி ஆற்றோரம் போவார். நான் கரைமேல் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு நிற்பேன். அவர் கீழேயிருந்து தண்ணீரின் உயரத்தைச் சத்தமாகச் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன். அதோடு வேலை முடிந்தது, மேலே வந்துவிடலாம். அவர் வரமாட்டார். முல்லையாறு ஓடுவதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். "போகுது, போய்க்கிட்டே இருக்கு. போன தண்ணி ஒருநாளாவது திரும்பி வருதா பாருங்க சார்" என்பார். அது திரும்பி வந்தால் உத்தமபாளையம் பஜாரில் படகுதான் விட வேண்டும் என்று நான் சொல்வேன். அப்படி ஒரு நாள் வராதா என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு மேலே ஏறி வருவார்.

எழுபதுகளின் நடுவில் ஐந்தாறு வருஷம் நாங்கள் ஒரே ஆபீஸில் இருந்தோம். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆற்றங்கரையில் ஓடு போட்ட இரண்டு அறைகள், ஒரு டெலிபோன், சைக்கிளைச் சாத்திவைக்க ஒரு புளியமரம். வாய்க்கால்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடுகிற பாசனப் பிரிவு அது. நான் கிளார்க். அவர் ஒர்க் இன்ஸ்பெக்டர். எங்கள் இருவரோடு மடைகளைத் திறந்து அடைக்கிற லஸ்கர் ஒருவர். மேலதிகாரி கம்பம் ஊரில் இருந்தார். ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் எங்களுக்கு அவர் நினைவு வரும்.

அவர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரர். தலைமுறை தலைமுறையாகக் கடலில் பிழைத்த குடும்பத்தில் முதலில் படித்தவர், முதலில் சம்பளம் வாங்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைத்தெருவில் வாடகை அறை. ஊரில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. கடல்காரர் என்றால் பழக்கடைக்காரரிலிருந்து தபால்காரர்வரை எல்லோருக்கும் தெரியும். நானும் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன்.

அவர் மேசையில் எப்போதும் ஒரு புத்தகம் கிடக்கும். நீல அட்டை. உள்ளே பக்கம் பக்கமாக வெறும் எண்கள். எந்தத் தேதியில் எத்தனை மணிக்குக் கடல் ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும், எவ்வளவு உயரம் ஏறும் என்று வருஷம் முழுவதற்கும் முன்கூட்டியே கணக்கிட்டு அச்சடித்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய பள்ளிக்கூடச் சினேகிதர் ஒருவர் டிசம்பர் பிறந்ததும் அடுத்த வருஷத்துப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பிவைப்பார். கடல் ஏறுவதை ஏத்தம் என்றும் இறங்குவதை வத்தம் என்றும் அவர் ஊரில் சொல்வார்கள். எனக்கு அதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். அதுவரை நான் கடலைப் பார்த்ததே கிடையாது. பஞ்சாயத்து வரி ரசீதைப் படிக்கிற மாதிரி இருக்கிறதே, இதை எப்படி ரசித்துப் படிக்கிறீர்கள் என்று கேலி செய்வேன். "படிக்கத் தெரியணும் சார்" என்று புத்தகத்தை என் பக்கமிருந்து இழுத்துக்கொள்வார்.

புத்தகம் வந்த அன்று ஆபீஸில் வேறு வேலை நடக்காது. அந்தக் காலத்தில் எங்களுக்கு மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை ஒன்றுதான் லீவு. அதனால் சேர்ந்தாற்போல இரண்டு நாள் கிடைப்பது மாதத்துக்கு ஒரு தடவைதான். ஒரு வெள்ளைத் தாளில் பன்னிரண்டு சனிக்கிழமைகளையும் வரிசையாக எழுதுவார். மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களை முதலில் அடிப்பார், சின்ன வள்ளம் தாங்காது. பிறகு புயல் மழை மாதங்கள் போகும். மிச்சமிருப்பதில் அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி வருகிற சனிக்கிழமை எது என்று தேடுவார். அந்த நாட்களில்தான் ஏத்தம் பெரிது. அவர் ஊர்க் கழிமுகத்தில் குறுக்கே ஒரு மணல் திட்டு கிடக்கிறது. பெரிய ஏத்தத்தில் அது நன்றாக முங்கிவிடும், பாய் விரித்த வள்ளம் அப்படியே அதைத் தாண்டிக் கடலுக்குள் போய்விடும். கடைசியில் தாளில் மூன்றோ நாலோ சனிக்கிழமைகள் தங்கும். புத்தகத்தில் இருப்பது துறைமுகத்து நேரம், அவர் ஊருக்கு இருபது நிமிஷம் கூட்ட வேண்டும். கூட்டி எழுதி, அடியில் கோடு போட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார். அந்த வருஷத்துக்கான அவருடைய தீபாவளி, பொங்கல் எல்லாம் அந்தத் தாளில் இருந்தது.

அப்படிப்பட்ட சனிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேனிக்குப் பஸ் ஏறி, மதுரையில் மாறி, தூத்துக்குடியில் மாறி, மறுநாள் மதியத்துக்குள் ஊரில் இருப்பார். பிற்பகல் ஏத்தத்தில் வள்ளம் வெளியே போகும். எதிரே இருக்கிற ஒரு தீவில் ராத்தங்கல். ஞாயிற்றுக்கிழமை ஏத்தத்தில் வள்ளம் உள்ளே வரும். திங்கட்கிழமை காலை எட்டுக்கு, முழங்கை மடிப்பில் உப்பு பூத்திருக்க, இங்கே அளவுகோல் பக்கத்தில் நிற்பார். ஒரு திங்கள்கூடத் தவறியதில்லை.

போவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு கார்டு போடுவார். கார்டில் அன்புள்ள கிடையாது, நலம் கிடையாது. "இரண்டாவது சனி. மாலை 3.40." அவ்வளவுதான். கார்டு போவது அவருடைய அண்ணனுக்கு. பதிலாக ஒரு கார்டும் வந்து நான் பார்த்ததில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. அவரால் ஒரு இடத்துக்குச் சும்மா போக முடியாது. பார்க்க வேண்டும் போலிருந்தது, வந்தேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஒரு காரணம் வேண்டும்.

எனக்கு மகள் பிறந்து பத்து நாள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அளவு நாடாவும் கயிறுமாக வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி என்று ஆபீஸுக்கு வேண்டுமாம். அந்த ஆபீஸின் கிளார்க்கே நான்தான். அப்படி ஒரு கடிதமும் வந்ததில்லை. வாயை மூடிக்கொண்டு கிணற்றைக் காட்டினேன். கயிறு விட்டு அளந்து, நோட்டில் எழுதி, கையைக் கழுவிக்கொண்டு, வந்ததே வந்தோம் என்கிற மாதிரி உள்ளே வந்தார். பிள்ளை பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. போகும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு கிலுகிலுப்பையை எடுத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போனார். கையில் கொடுக்கவில்லை.

என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "புள்ளையப் பாக்க வந்தேன்னு சொன்னா அவுகளுக்கு என்ன கொறஞ்சா போகும்? பாருங்க, அடுத்த வாரமும் கெணறு அளக்க வருவாக" என்றாள். வந்தார். அந்த வருஷம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே அதிகமாக அளக்கப்பட்ட கிணறு எங்களுடையதுதான்.

லஸ்கர் மடைப்பலகை விழுந்து கால் நசுங்கி வீட்டில் கிடந்தபோதும் இதே கதைதான். ஒரு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு, கையெழுத்து வாங்க வேண்டும் என்று கிளம்பினார். லஸ்கருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகைதான். ஒரு பெருவிரல் ரேகை வாங்க மதியம் போனவர் பொழுது சாய்ந்துதான் திரும்பினார். பதிவேட்டுக்குள் வைத்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எப்படிக் கொண்டுபோனார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் மட்டும் பழக்கறை இருந்தது.

வீரபாண்டித் திருவிழாவுக்குப் பள்ளத்தாக்கே திரண்டு போகும். எல்லோரும் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றால் தலையை ஆட்டிவிட்டு அறையில் படுத்துக்கொள்வார். ஒரு வருஷம் நான் புத்திசாலித்தனமாக, ஆற்றில் சனம் குளிக்கிற இடத்தில் ஆழம் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் நல்லது என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நின்றார். ஆழம் பார்த்து முடித்து, ராட்டினத்தில் இரண்டு தரம் சுற்றி, என் மகளுக்குப் பலூன் வாங்கி, சந்தோஷமாக வீடு திரும்பினார். காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டால் மனிதர் எங்கேயும் வருவார். இது தெரிந்த பிறகு எனக்கு அவரிடம் கோபமே வந்ததில்லை.

அண்ணன் விஷயம் மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஆடி மாதம். மலைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, ஆபீஸ் ஓடுகளை அள்ளிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. காகிதங்கள் மேல் கல்லை வைத்துவிட்டு இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். இந்தக் காற்று நாளைக்குள் எங்கள் ஊருக்குப் போய்விடும் என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஊரில் அம்மா செத்துப்போனாள். தந்தி வந்த அன்று வாய்க்கால் கரை உடைப்பெடுத்து, இவர் மண்மூட்டை அடுக்கிக்கொண்டு எங்கோ நிற்கிறார். தந்தி கைக்குக் கிடைத்துப் பஸ்ஸுக்குப் பஸ் தாவி ஊர் போய்ச் சேரும்போது அடக்கம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கல்லறையில் மண் ஈரமாக இருந்ததாம். எல்லோர் முன்னாலும் அண்ணனைப் பார்த்து, ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியலையா உங்களுக்கு என்று கேட்டார். நீ எப்ப வருவேன்னு யாருக்குத் தெரியும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

நின்றது கரையில்தான். அப்பா வைத்துவிட்டுப் போன வள்ளம் ஒன்று இருந்தது, இருவருக்கும் பொது. பாய் கட்டிப் போக இரண்டு ஆள் வேண்டும். வள்ளத்தில் ஏறிவிட்டால் பேசாமல் முடியாது. பாயைத் தளத்து, கயித்தைப் பிடி, இந்தப் பக்கம் வா, குனிஞ்சுக்க. இப்படி நாலு வார்த்தை. தீவில் சோறு பொங்கினால் உப்பு போதுமா என்று ஒரு வார்த்தை கூடும். கரைக்கு வந்ததும் அண்ணன் ஒரு பக்கம் நடப்பார், இவர் பஸ் பக்கம் நடப்பார்.

"அந்த நாலு வார்த்தைக்கா இவ்வளவு தூரம் போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டேன்.

"ஏத்தத்துக்குப் போறேன் சார்" என்றார்.

அவரை அப்போது கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. பள்ளத்தாக்கு ஆண்களுக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் டீ சொல்லி அனுப்பினேன்.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். ஒரு மாசி மாதம் அவருக்கு மஞ்சள் காமாலை. தேனியில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது கண்ணெல்லாம் மஞ்சளாக, கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு கிடந்தார். வருகிற இரண்டாவது சனிக்கு நல்ல ஏத்தம் இருக்கிறது, அமாவாசைக்கு மூன்றாம் நாள், அதற்குள் எழுந்துவிடுவேன், புத்தகத்தைப் பார்த்து நேரம் எழுதி ஊருக்கு ஒரு கார்டு போட்டுவிடுங்கள் என்றார். தேதியைப் பாருங்கள், இருபது நிமிஷம் கூட்டுங்கள், வேறொன்றும் எழுதாதீர்கள் என்று மூன்று தரம் சொன்னார்.

அவர் மேசையை ஒழித்து லஸ்கர் அடுக்கிவைத்திருந்த ஆபீஸ் அலமாரியில் ஒரே நீல அட்டையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. மேலே இருந்ததை எடுத்தேன். அட்டையில் போன வருஷம் போட்டிருந்தது. இல்லை, நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தேன். அதனால் என்ன என்றுதான் நினைத்தேன். எங்கள் வாய்க்கால்களில் எந்த மடைக்கு எந்தக் கிழமை முறைத் தண்ணீர் என்கிற அட்டவணையை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தரம் டைப் அடித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் தலைப்பில் வருஷத்தை மட்டும் திருத்தி ஒட்டினோம். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் அப்படி. போன வருஷம் வந்த தேதியில் இந்த வருஷமும் வரும். சந்திரனைப் பார்த்துக்கொண்டு தேதி மாறுகிற தண்ணீர் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவரோடு அத்தனை வருஷம் இருந்தும் என் மண்டையில் ஏறவில்லை. தேதிக்கு நேரே இருந்த நேரத்தை எடுத்து, இருபது நிமிஷம் கூட்டி, "இரண்டாவது சனி. காலை 8.05" என்று எழுதிப் பெட்டியில் போட்டேன்.

வியாழக்கிழமை அவரை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். கார்டு போட்டாச்சா என்று கேட்டார், போட்டாச்சு என்றேன். நேரம் என்ன என்று அவர் கேட்கவில்லை. பிற்பகல் மூன்றரை நாலு மணி என்பது அவருக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். தனியாக அனுப்பப் பயமாக இருந்தது என்று அவரோடு நானும் கிளம்பினேன். அப்படித்தான் நான் முதல்முதலில் கடல் பார்த்தேன்.

கழிமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் மணல் திட்டின் முதுகு இன்னும் வெளியே தெரிந்தது. அதன் குறுக்கே, கனமான எதையோ இழுத்துக்கொண்டு போன தடம். திட்டுக்கு அந்தப் பக்கம் வள்ளம் மிதந்துகொண்டிருக்க, அதில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

எங்களைக் கண்டதும் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். அறுபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். வலது தோள் கன்றிச் சிவந்திருந்தது. தலைத்துண்டின் மடிப்பிலிருந்து ஒரு கார்டை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். அதில் என் கையெழுத்தில் காலை எட்டு ஐந்து.

கடல்காரர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். எந்தப் புத்தகம் பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. கோபத்தில் திட்டியிருந்தால் தேவலை. கார்டை இப்படியும் அப்படியுமாகத் திருப்பினார். பிறகு, எதையோ யோசித்துக்கொண்டே இருந்தவர், யாரிடம் பேசுகிறோம் என்பதை மறந்து அண்ணன் பக்கம் திரும்பிவிட்டார்.

"எட்டு மணிக்குத் தண்ணி வடிஞ்சுக்கிட்டுல்ல இருக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் அண்ணன்.

"தெரிஞ்சுமா ஒத்தையாளா இழுத்து எறக்குனீங்க?"

"நீ எழுதியிருந்த."

"நான் எழுதுனா? ஏத்தம் எப்பன்னு பார்க்க வேண்டாமா?"

அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெனம் தொழிலுக்குப் போறவன் நான். ஏத்தம் பார்த்தா போறேன்? ஒரு சாண் தண்ணி போதும் இந்த வள்ளத்துக்கு. நீ வருவேன்னு எழுதுன நேரத்துக்கு நான் நிக்கணும். அம்மா சாவுக்கு உனக்காக நான் நிக்கலை."

கரையில் நின்று அந்த இருவரும் பேசியது அவ்வளவு காலத்துக்குப் பிறகு அதுதான். நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? என் தப்பால் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது, ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டோம் என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். அவ்வளவு மடையன்.

மூன்று பேரும் வள்ளத்தில் போனோம். எனக்கு வாந்தி. அவர்கள் வாயே திறக்கவில்லை. பாயைத் தளத்து என்றுகூட யாரும் சொல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அவரவர் எழுந்து அவரவர் செய்தார்கள். தீவில் அண்ணன் மீன் குழம்பு வைத்தார். உப்பு கொஞ்சம் கம்மி. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட வெட்கம் ஒருவருக்கு, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட வெட்கம் இன்னொருவருக்கு. நடுவில் நான், கடல் பார்க்க வந்தவன்.

திரும்பும்போது பஸ் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பிறகு, "இனிமே என்னத்தப் பார்த்து சார் கார்டு எழுதுறது?" என்றார்.

எதைப் பார்த்தும் எழுத வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று உங்கள் அண்ணனே சொல்லிவிட்டாரே என்றேன்.

"எப்ப வேணாலும்னா, எப்பன்னு போறது?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் போகவில்லை. பைக்குள் இருந்த தாளில் அந்த வருஷத்துக்கு இன்னும் இரண்டு சனிக்கிழமைகள் இருந்தன. பங்குனியில் ஒன்று வந்தது, உடம்பு சரியில்லை என்றார். சித்திரையில் ஒன்று வந்தது, எதுவும் சொல்லவில்லை, அறையில் படுத்திருந்தார். நானும் எனக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். தூத்துக்குடியில் எனக்கு ஒரு சாமான் வாங்க வேண்டும், போய் வாங்கி வருகிறீர்களா என்றேன். மதுரையிலேயே கிடைக்கும் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். நீங்கள் சும்மாவே போகலாமே, சொந்த அண்ணன்தானே என்று ஒருநாள் பொறுமையிழந்து கத்திவிட்டேன். அவர் என் மேசையிலிருந்த மைப்புட்டியை மூடிவைத்தார். அந்தப் பக்கம் அண்ணனும் இப்படித்தான் இருந்திருப்பார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. டிசம்பரில் நீலப் புத்தகம் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று சினேகிதருக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த இருவருக்கும் நடுவில் ஒரு மெல்லிய நூல் இருந்தது, அதை நான் அறுத்துவிட்டேன் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லிப் புலம்பினேன். இன்றைக்கும் எங்காவது தேதி கிழிக்கிற காலண்டரில் இரண்டாவது சனிக்கிழமையைப் பார்த்தால் அவர் நினைவுதான் வருகிறது. அவருக்கு மாற்றல் வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதே தெரியாது. அவரை ஒருமுறை பார்க்க வேண்டும், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்துகொண்டே இருக்கிறது. பார்த்தால், இனி சொல்லப்போகிற கடைசிச் சம்பவத்தைப் பற்றிக் கேட்கமாட்டேன். கேட்கக் கூடாது என்கிற அளவுக்காவது எனக்குப் புத்தி வந்திருக்கிறது.

அது நடந்தது நீலப் புத்தகம் வராத அந்த டிசம்பர் போய், பொங்கல் கழிந்த அடுத்த வாரம். முற்பகல் பத்து மணி இருக்கும். லஸ்கர் வாசலில் வந்து நின்று, "அய்யா, யாரோ கடக்கரப் பக்கத்துக்காரக வந்திருக்காக. மரத்தடியில நிக்காக. உள்ள வாங்கன்னா வர மாட்டேங்குறாக" என்றார்.

எட்டிப் பார்த்தேன். புளியமரத்தடியில் கையில் ஒரு ஓலைப்பெட்டியோடு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கருவாட்டு வாடை ஆபீஸ்வரைக்கும் வந்தது. தன் வயதில் அவர் மதுரையைத் தாண்டி வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். மேற்கே நிற்கிற மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய்க் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்து வந்தேன். தம்பி மேசைக்கு எதிரே நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. தம்பியும் எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். இருவரும் எலும்பாக இளைத்திருந்தார்கள்.

அண்ணன் சுவரில் மாட்டியிருந்த வாய்க்கால் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வர்ற ரெண்டாஞ் சனிக்கு ஏத்தம் எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கடலில் கிடக்கிற மனிதர். ஒரு ராத்திரி, மூன்று பஸ், மணி கேட்க வந்திருக்கிறார். அடுத்த நொடிதான் எனக்கு உறைத்தது. இந்த வருஷத்துப் புத்தகம் எங்களிடம் இல்லை. புத்தகம் இல்லை என்று இவர் சொல்லிவிட்டால் அவர் சரி என்று பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் போவார். அதன் பிறகு இந்த ஜன்மத்தில் இருவரும் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. கணக்கில் ஒரு நிமிஷம் பிசகினால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனிதர், இல்லாததை இருக்கிறது என்று எப்படிச் சொல்வார்?

கடல்காரர் மெதுவாக மேசை இழுப்பறையைத் திறந்தார். போன வருஷத்துப் புத்தகத்தை வெளியே எடுத்தார். பக்கத்தைத் திருப்பி, தேதிகளின் மேல் விரலை வைத்து இறக்கிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"காலை ஏழு பத்து" என்று வாசித்தார். பிறகு, "நம்ம ஊருக்கு இருபது நிமிஷம் கூட்டணும். ஏழரை" என்றார்.

அந்தச் சனிக்கிழமை பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள், அமாவாசை கழிந்த மூன்றாம் நாளுக்கு வருகிற அதே நேரம்தான் அதற்கும். ஏத்தம் பிற்பகல் நாலு மணிக்குத்தான் என்பது அதற்குள் எனக்கே தெரிந்திருந்தது. அண்ணனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் முதல்முறையாகத் தம்பி முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஏழரை" என்று ஒருமுறை சொல்லிக்கொண்டார். "சரி. நிக்கேன்."

ஓலைப்பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் பதினோரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ் உதவாது என்று, அந்தச் சனிக்கு முந்தின நாள் கடல்காரர் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்து மத்தியானமே கிளம்பினார். லீவுக்குக் காரணம் என்கிற இடத்தை அவர் நிரப்பவில்லை. நானும் கேட்காமல் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அந்தக் கழிமுகத்தில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்திருக்கும். வள்ளத்தை மணலில் இழுத்துத்தான் இறக்கியிருக்க வேண்டும். இந்தத் தடவை இழுக்க இரண்டு பேர் இருந்தார்கள்.